படியில் விட்ட செருப்பு

அந்தப் படகுத்துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளிடம் டிக்கெட் வாங்க வருகிறவர்கள், வாசலில் கடலை விற்கிறவர், துடைப்பத்தோடு வருகிற அம்மாள், எல்லோருக்கும். அவளைவிட எத்தனையோ வயது மூத்த, தலை முழுக்க நரைத்த மோட்டார் படகு ஓட்டுநர்கூட வாய் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மோட்டார் என்றே பட்டப்பெயர். படகை வைத்து வந்த பெயரா, ஓயாத வாயை வைத்து வந்த பெயரா என்பது அவருக்கே தெரியாது. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் உண்மையிலேயே அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவள் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள்தான் அன்றைக்கு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, புருஷனைக் கூட்டிக்கொண்டு ஏரி பார்க்க வருவதாக இருந்தாள்.

ஏரி என்று சொல்வது வாய்ப்பழக்கம். உண்மையில் அது அணை. இரண்டு மலைகளுக்கு நடுவே சுவரை எழுப்பி ஒரு ஆற்றை மடக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். ஆறும் கோபத்தை உள்ளே அடக்கிக்கொண்டு ஏரி மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த நடிப்பே போதும். மிதிபடகில் ஏறி இரண்டு மிதி மிதிப்பார்கள், மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுப்பார்கள், காற்று வாங்குவார்கள், என்ன அழகு என்ன அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கேயே கிடக்கிறவர்களுக்குத்தான் அந்தத் தண்ணீரின் சுபாவம் தெரியும்.

அன்று காலையிலிருந்தே அதன் முகம் சரியில்லை. வழக்கமாகப் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி கலங்கியிருந்தது. எங்கேயோ மேலே முறிந்த கிளைகள் இலையோடு மிதந்து வந்தன. அணைச் சுவருக்கு முன்னால், படகுகள் தாண்டக்கூடாது என்பதற்காகக் கயிற்றில் கோத்து மிதக்க விட்டிருக்கும் ஆரஞ்சு மிதவைகளின் மேல் எப்போதும் நீர்க்காகங்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

அவள் புருஷன் அணையில் மதகு ஆபரேட்டர். சுவரின் நடுவில் இருக்கும் கண்ணாடி அறையில்தான் அவருக்கு வேலை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்தார். அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் அது பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"மேல கொட்டித் தீர்க்குது. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. இருட்டுறதுக்குள்ள மதகு திறந்தாகணும்னு உத்தரவு வந்தாச்சு. நீ இன்னைக்குச் சீக்கிரமா கொடியை இறக்கிடு."

"தங்கச்சி வர்றாங்க. மறந்துட்டீங்களா?"

"வரட்டும். வீட்டுல உக்காந்து பேசுங்க. ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது."

படகுத்துறைக் கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி உண்டு. தண்ணீரில் ஆள் இருக்கும்வரை அது மேலே பறக்கும். கடைசி ஆள் கரையேறியதும் இறக்கிவிடுவார்கள். கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் கொடி பளிச்சென்று தெரியும். கொடி இறங்கினால் ஏரி காலி, மதகைத் தொடலாம். வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் உப்பு உறைப்பிலிருந்து ஆயிரம் வாக்குவாதம் இருக்கும். கொடி விஷயத்தில் மட்டும் மறுபேச்சே கிடையாது. அவள் இறக்கினால் அவர் திறப்பார்.

சரி, கடைசி ஆள் கரையேறிவிட்டான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? டிக்கெட்டை நம்ப முடியாது. ஒரு டிக்கெட்டில் ரெண்டு பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு போவார்கள். படகை எண்ணியும் பிரயோஜனமில்லை. மிதித்து மிதித்துக் கால் வலிக்கிற மகராசன்கள் படகை எதிர்க்கரையில் அருவிப் பக்கம் அம்போ என்று விட்டுவிட்டு, திட்டிக்கொண்டே கரையைச் சுற்றி நடந்து வருவார்கள். மறுநாள் மோட்டார் போய் அதை இழுத்து வருவார். ஆனால் செருப்பு பொய் சொல்லாது. படகில் அழுக்காகும் என்று சொல்லி எல்லோரையும் செருப்பைத் துறையின் கல்படியில் கழற்றிவிடச் சொல்வார்கள். திரும்பி வருகிறவன் எதை மறந்தாலும் செருப்பை மறக்க மாட்டான். படியில் ஒரு ஜோடி கிடந்தால் ஏரியில் ஒரு ஆள் இருக்கிறான். படி காலியானால் ஏரி காலி. எந்தச் சட்டத்திலும் எழுதாத இந்த ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்தது அக்காதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, தங்கையிடம் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இதுவரை ஒரு தடவைகூட அது அவளை ஏமாற்றியதில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வானம் இறங்கி மலை முகட்டில் உட்கார்ந்திருந்தது. தங்கை ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அம்மா போனபிறகு தலை வாரிவிட்டு, காய்ச்சலில் கண் விழித்து, கல்யாணமும் செய்துவைத்தவள் அக்கா. அவள் கண்ணுக்குத் தங்கை இன்னும் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற பெண்தான். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் சதை போட்டிருந்ததைப் பார்த்து மனசு குளிர்ந்தது. மாப்பிள்ளை நன்றாக வைத்துக்கொள்கிறார்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, நலுங்காமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். சட்டை மடிப்பு கலையக்கூடாது, தலைமுடி பறக்கக்கூடாது. அன்று காலில் புத்தம் புதிய வெள்ளை ஷூ போட்டிருந்தார். அந்த ஷூவைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தார்.

"அக்கா, அருவியைப் பாக்கணும். நீ போன்ல சொல்லிச் சொல்லி இவருக்கு ஆசை வந்துடுச்சு" என்றாள் தங்கை.

"இன்னைக்கு வேணாம்டி. தண்ணி சரியில்ல. மதகு வேற திறக்கப் போறாங்க."

"எப்பத் திறப்பாங்க?"

"ஏரியில ஆள் இல்லைன்னாத்தான் திறப்பாங்க."

"அப்ப நாங்க உள்ள இருக்கற வரைக்கும் திறக்க மாட்டாங்கல்ல? அப்புறம் என்ன?" தங்கை சிரித்தாள். "கொடியே உன் கையில இருக்கு. எனக்கு என்ன பயம்?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அக்கா வாயிலேயே போட்டிருப்பாள். தங்கை கேட்டால் அவளால் முடிவதில்லை, அதுதான் அவளுடைய வியாதி. அத்தனை தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், நாளைக்குக் காலையில் பஸ் ஏறிவிடுவார்கள். ஏற்கெனவே தண்ணீரில் இருந்த நாலைந்து படகுகள் வேறு திரும்பி வரவில்லை. அவர்கள் வருவதற்குள் இவர்களும் போய்விட்டு வந்துவிடலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இதுதான் கடைசிப் படகு என்று சொல்லி டிக்கெட் ஜன்னலை மூடினாள்.

படியில் தகராறு வந்தது.

"மாப்பிள்ளை, ஷூவைக் கழட்டி இங்க விட்டுருங்க."

"இங்கயா அண்ணி?" அவர் ஈரப் படியையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கே. யாராவது மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னா?"

"உங்க அளவுக்கு இங்க யாருக்கும் காலு இல்ல. தைரியமா விடுங்க."

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. "பையில போட்டுக் கையிலயே வெச்சுக்கறேன் அண்ணி. படகுல கால் படாது. சத்தியமா."

மோட்டாராக இருந்தால் இரண்டு சத்தம் போட்டு முடித்திருப்பார். அவர் அப்போது ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிவரப் போயிருந்தார். அக்கா என்ன செய்வாள்? புது மாப்பிள்ளை. ஒரு ஷூவுக்காக முகம் கோணினால் அது காலத்துக்கும் நிற்கும். தங்கையின் செருப்பு படியில் இருக்கத்தானே போகிறது, ஜோடிக்கு ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தாள். அவர் ஷூவைக் கழற்றி, தூசி தட்டி, நீள வார் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். தங்கை அதை வாங்கித் தன் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, தன்னுடைய துணிச் செருப்பைப் படியில் கழற்றி விட்டாள். ஊதா நிறத் துணியில் சின்னச் சின்னப் பூ தைத்த செருப்பு. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

"பத்திரமாப் பாத்துக்க" என்றாள் தங்கை.

"செருப்பையா, உன்னையா?"

"ரெண்டையுந்தான்."

அக்காவே குனிந்து இருவருக்கும் மிதவைச் சட்டையின் வார்களை இழுத்துக் கட்டினாள். "மிதவைக் கயித்துப் பக்கம் மட்டும் போகாதீங்க. அருவியைப் பாத்துட்டு நேரா வந்துரணும். படம் எடுத்துக்கிட்டே அங்க குடியிருந்துடாதீங்க" என்றாள். படகு வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தாள். தங்கை திரும்பித் திரும்பிக் கையை ஆட்டினாள்.

அவர்கள் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. படியில் கிடந்த மற்ற செருப்புகளெல்லாம் தோலும் ரப்பரும். நனைந்தால் நனையட்டும். ஊதாத் துணிச் செருப்புதான் பாவமாகக் கிடந்தது. அக்கா யோசிக்கவே இல்லை. யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? மழை வந்தால் துணிக்கொடியில் காயும் தங்கையின் பாவாடையை ஓடிப்போய் எடுத்த கை அது. குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள், செருப்பை எடுத்தாள், முந்தானையால் துடைத்தாள், அலுவலக அறையில் தன் மேஜைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் நிமிர்வதற்குள் போன் அடித்தது. மேலே பார்வை மேடையில் ஒரு அம்மாள் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டதாம், முதலுதவிப் பெட்டியோடு உடனே வர வேண்டுமாம். அந்த இடத்துக்கு முதலுதவிப் பெட்டி என்று ஒன்று இருப்பது படகுத்துறையில்தான். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவளும் அக்காதான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவும், மோட்டார் தன் படகைக் கட்டிவிட்டுப் படியேறி வரவும் சரியாக இருந்தது.

"அண்ணே, மேல ஒரு அம்மா விழுந்துட்டாங்களாம். நான் போயிட்டு வந்துர்றேன். படியைப் பாத்துக்குங்க. எல்லாரும் வந்ததும் கொடியை இறக்கிடுங்க, அவர் காத்துக்கிட்டு இருக்கார்."

"போய்ட்டு வாங்க அக்கா. இந்த மழையில எவனும் உள்ள உக்காந்திருக்க மாட்டான். எல்லாம் நனைஞ்ச கோழியா ஓடி வந்துருவானுங்க."

எல்லாரும் என்று சொன்னபோது அவள் மனசில் தங்கைதான் முன்னால் இருந்தாள். அதை வாயால் சொல்லத் தோன்றவில்லை. படி சொல்லிக்கொள்ளும் என்று நினைத்தாள்.

பார்வை மேடைக்குப் போகிற பாதை மழையில் ஓடையாகியிருந்தது. விழுந்த அம்மாள் பருமனான ஆள். பெஞ்சில் உட்கார்ந்து, மலையையும் மழையையும் தன்னை இங்கே கூட்டிவந்த மருமகனையும் ஒருசேரத் திட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கணுக்காலைத் தடவிப் பார்த்து, மருந்து தெளித்து, பட்டையாகத் துணிக் கட்டுப் போட்டாள். வேலை முடிந்து நிமிர்ந்தபோதுதான் கீழே பார்த்தாள்.

அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும். அதற்காகத்தான் அந்த மேடை. அன்றைக்குப் பாதிதான் தெரிந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம், அருவி விழுகிற மூலை, வெள்ளையாக மூடிக்கிடந்தது. பனிமூட்டம் மெதுவாகத் தண்ணீரின் மேல் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அணைச் சுவர் நீளமாகக் கறுத்துத் தெரிந்தது. அதன் முன்னால் ஆரஞ்சு மிதவைகள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. துறையில் குடைகள் ஏறிக்கொண்டிருந்தன. இத்தனை தண்ணீரிலும் ஒரு சத்தம் இல்லை. 

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பத்திலிருந்து சிவப்புக் கொடி கீழே இறங்கியது.

அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். வந்துவிட்டார்கள்.  நனைந்திருப்பாள், தலையைத் துவட்டிவிட வேண்டும், சூடாக டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்று மனசு அடுத்த வேலைக்குத் தாவிவிட்டது. அந்த அம்மாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மருமகன் மறுபக்கம் தாங்க, மெல்ல மெல்ல இறங்கினாள். பாதி வழியில் அணைச் சங்கு ஊத ஆரம்பித்தது. மலைக்கு மலை மோதித் திரும்பி வருகிற சங்கு அது. அந்த அம்மாள் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னம்மா இது? பயமா இருக்கே!"

"ஒண்ணுமில்லம்மா, மதகு திறக்கறாங்க. கீழ ஆத்துல இருக்கறவங்களுக்குச் சொல்றாங்க. ஏரி காலியா இருந்தாத்தான் இந்தச் சங்கே ஊதுவாங்க. நீங்க பாத்து நடங்க."

இதைச் சொன்ன தன் வாயை அவள் பிறகு எத்தனையோ நாள் அடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்?

அவர்களைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். மோட்டார் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இறக்கிய கொடி மேஜைமேல் நனைந்து சுருண்டு கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"எங்கண்ணே அவங்க?"

"யாரு?"

"என் தங்கச்சியும் மாப்பிள்ளையும். உள்ள போயிருந்தாங்கல்ல."

"உங்க தங்கச்சி வந்தாங்களா? எப்ப?" மோட்டார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விழித்தார். "நான் பாக்கலையேக்கா. நான் வர்றப்ப நாலஞ்சு ஜோடிதான் படியில கெடந்துச்சு. ஆளுங்க வந்தாங்க, மாட்டிக்கிட்டுப் போனாங்க. படி சுத்தமா ஆனதும் இறக்குனேன். ஒரு படகு குறையுது. எவனோ அருவிப் பக்கம் விட்டுட்டு நடந்து வந்துட்டான் போல, காலையில இழுத்துட்டு வரலாம்னு விட்டுட்டேன்."

"நல்லாப் பாத்தீங்களா? ஊதாச் செருப்பு. துணிச் செருப்பு."

"படியில ஒரு செருப்பும் இல்லக்கா. நானே இறங்கிப் பாத்தேன்."

வீட்டுக்குப் போயிருப்பார்களோ, சாவி கடலைக்காரரிடம் இருப்பது தெரியுமோ என்று நினைத்துக்கொண்டே அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஈரக் கால்களை மேஜைக்கு அடியில் நீட்டினாள். கால் விரலில் மெத்தென்று ஏதோ பட்டது.

அக்கா குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.   வெளியே சங்கு நின்றிருந்தது. சங்கு நின்றால் மதகு நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணே..." என்றாள்.  செருப்பை எடுத்து மேஜைமேல், கொடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மோட்டார் செருப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைப் பறித்துக்கொண்டு படியில் நாலு காலில் இறங்காத குறையாக ஓடினார். என்ஜின் இருமி இருமிப் பிடித்தது. படகு பனிக்குள் போனது.

அக்கா கண்ணாடி அறைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதகு நகரும்போது அவர் கீழே என்ஜின் அறையில் இருப்பார், அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தாள். வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். தங்கையின் செல்போனையும் கூப்பிட்டாள், அருவிப் பக்கம் சிக்னல் கிடையாது. பிறகு கொடியைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள். ஈரக் கயிற்றில் முடிச்சு விழவில்லை. பல்லால் கடித்துக் கட்டி மேலே ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அணை எங்கே? கண்ணாடி அறை எங்கே? எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. கொடியை ஏற்றிய அவளுக்கே கொடி சரியாகத் தெரியவில்லை. அது அங்கே யாருக்காகப் பறந்தது?

பனிக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது. ஆறு நடிப்பை விட்டுவிட்டது. படிக்குக் கீழே பார்த்தாள். காலையில் வந்து ஒதுங்கியிருந்த கிளைகள் ஒவ்வொன்றாகக் கரையை விட்டு விலகி, ஒரே திசையில், அணையைப் பார்த்து நகர்ந்தன. அவசரமில்லாமல்தான் நகர்ந்தன. அவள் தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மலைதான் பதில் சொன்னது.

எவ்வளவு நேரம் அப்படிக் கத்தினாள் என்று அவளுக்குத் தெரியாது. அலுவலகத்தில் போன் அடித்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடி எடுத்தாள்.

"என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?" என்றார் புருஷன்.

"மூடுங்க! உடனே மூடுங்க! ஆள் இருக்கு உள்ள!"

 "கொடி இறங்குச்சே. நான் பாத்தேனே."

"மூடுங்கன்னு சொல்றேன்ல!"

"பொத்தானை அமுக்கிட்டேன். திறந்த மாதிரிதான் மூடும், மெதுவாத்தான் வரும். அடிச்சாலும் வேகமா வராது." பிறகு கேட்டார்: "யாரு உள்ள?"

 போனைக் காதில் வைத்தபடி மேஜைமேல் இருந்த ஊதாச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. அந்தப் பக்கம் இரும்பு இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது. அக்கா செருப்பை வாரி முந்தானைக்குள் பொத்தி எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெறுங்காலோடு வருவாள், கல் குத்தும். வேறு என்ன?

பனியைக் கிழித்துக்கொண்டு படகின் மூக்கு தெரிந்தது. மோட்டார் நின்றபடி ஓட்டிவந்தார். அவர் காலடியில், தார்ப்பாய் போர்த்தி, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒருத்திதான். அக்கா எட்டி எட்டிப் பார்த்தாள். படகின் பின்பக்கம் காலியாக இருந்தது. மோட்டார் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைக் கட்டினார்.

"மிதவைக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கிட்டு இருந்தாங்க" என்றார் குனிந்தபடி. "படகு கவுந்து கெடந்துச்சு. அவரு கயித்துக்கு அடியில போயிட்டாராம். நான் சுத்திச் சுத்திப் பாத்தேன்க்கா. மறுபடி போறேன். கீழ ஆத்துலயும் ஆளுங்களை இறக்கச் சொல்லுங்க."

சொன்ன கையோடு தங்கையைப் படியில் இறக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை படியில் நின்றாள். தார்ப்பாய் நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. உள்ளங்கையில் கயிறு கிழித்த ரத்தம். தோளில் குறுக்காக மாட்டிய பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவளின் தோளில் முகத்தை வைத்துத் தங்கை பேச ஆரம்பித்தாள். அழுகையே இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசினாள்.

"சங்கு ஊதினதும் அவரு பயந்துட்டாருக்கா. திரும்பி அருவிக் கரைக்கே போயிடலாம், ஏறி நின்னுக்கலாம்னாரு. கரை பக்கத்துலதான் இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன். வேற எதுக்கோ ஊதறாங்க, என் செருப்பு படியில இருக்கு, அது இருக்கற வரைக்கும் எங்கக்கா கொடியை இறக்க மாட்டா, பேசாம மிதிங்கன்னேன். அவரும் நம்பி மிதிச்சாரு. தண்ணி இழுக்கறப்பகூடச் சொன்னேன். எங்கக்கா பாத்துக்குவான்னு."

 அக்கா செய்யத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, ஊதாச் செருப்பைத் தங்கையின் காலடியில் வைத்து, விறைத்துப்போன பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் நுழைத்தாள்.

தங்கை குனிந்து பார்த்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. படி நனைந்திருந்தது, அக்கா நனைந்திருந்தாள், இவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கால் விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டினாள்.

"உள்ள காஞ்சிருக்கேக்கா" என்றாள்.

அக்கா தலை நிமிரவில்லை.

"மழை வந்துச்சா... நனைஞ்சிடுமேன்னு... உள்ள எடுத்து வெச்சேன்டி."

 தங்கை ஒரு காலை வெளியே எடுத்தாள். இன்னொரு காலையும் எடுத்தாள். வெறுங்காலோடு ஈரக் கல்லில் நின்று, தோளிலிருந்த பையைக் கழற்றி, முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. பல்லால் பிய்த்தாள். தண்ணீர் ஒழுகும் வெள்ளை ஷூவை வெளியே எடுத்து, செருப்புகள் கிடக்கிற அந்தப் படியில், ஜோடி சேர்த்து, நேராக வைத்தாள்.

"இங்கதானே வைக்கணும்?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்க ஆரம்பித்தாள். அக்கா இரண்டு படி தள்ளி நின்றாள். கிட்டே போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருட்டியபிறகும் கொடி மேலேயே இருந்தது. அதை இறக்க யாரும் போகவில்லை.